அணில் கடிச்ச பழம்

ஹலோ... ஹலோ... யாரு, பாப்பாவா? இரு, கொய்யா மரத்துல தொங்கிக்கிட்டிருக்கேன், எறங்கிக்கிறேன்... ம், இப்ப சொல்லுங்க ஜட்ஜம்மா!

...என்னது, ஜட்ஜ் இல்லையா?

...நீதானம்மா சொன்ன, விவசாயப் படிப்ப விட்டுட்டு நீதி படிக்கப் போறேன்னு? தெருவுல ஒருத்தர் பாக்கியில்லாம பீத்திக்கிட்டேன். பக்கத்துத் தோட்டக்காரன் வேலித் தகராற வெச்சுக்கிட்டு உன் லீவுக்குக் காத்துக்கிட்டிருக்கான்...

...உணவு நீதியா? அப்படின்னா? சோத்து மேல கேஸ் போடுவாங்களா? ...ஆமா... ஆமா... சிரிக்கலம்மா, இருமல்.

...யாரு வெளைவிக்கிறா, யாரு திங்கிறா... இதுக்கு ஒரு காலேஜா? நான் வெளைவிக்கிறேன், காசுள்ளவன் திங்கிறான். பாடம் முடிஞ்சுது, கெளம்பி வீட்டுக்கு வா! பறிக்க ஆளில்லாம நானே கொரங்காட்டம் மரத்துக்கு மரம் தாவுறேன்.

...ஏய், அழுவுறியா? ...சரி, அழல, கோவம். கேளு, என்ன கேக்கணும்?

...காலையில என்ன தின்னேனா? பழந்தான். ...அணில் கடிச்சதுதான், வேற எது? நல்லதெல்லாம் பெட்டியில அடுக்கியாச்சு, வியாபாரி வர்ற நேரம். அணில் கடிச்சதுதான் இனிக்கும்னு உனக்கு எத்தன தடவ சொல்லியிருக்கேன்...

...என்ன கேட்ட?

...இல்ல, காதுல விழுந்துச்சு. கடிக்காததத் தின்னு பாத்திருக்கேனான்னா... அணில் கடிச்சதுதான் இனிக்கும்னு எங்கப்பா சொன்னாரு, நானும் அப்படியே... ஏய், பெத்தவனையே கூண்டுல ஏத்துறியா? இரு, லைன்லயே இரு.

இந்தா, இங்க பாரு! அந்தப் பெட்டியத் தெற. ...கட்டியாச்சுன்னா என்ன, கட்ட அவுத்துடு! பெருசா ஒண்ணு எடு. ...ஆமா, எனக்குத்தான்!

...ஹலோ, உங்கம்மா மொறைக்கிறா. மொறைக்கட்டும்... ம்... இரு, வாயில இருக்கு...

...

...அடச்சே!

...இதுவும் இனிக்குது பாப்பா! அதே இனிப்பு! அணில் எச்சிலுக்கு ஒரு மகிமையும் இல்ல. என் தோட்டத்துல அணில் மொதலாளி, நான் மிச்சம் திங்கிறவன்! வயிறு எரியுது...

...இல்ல, உன் மேல இல்ல. நீ வர வேணாம். அங்கேயே இருந்து படி. ...ஆமாம்மா, நெஜமாத்தான்.

...அது வியாபாரி வண்டி, ஹாரன் அடிக்கிறான். ...அடிக்கட்டும், நிக்கட்டும். உங்கம்மா இன்னும் ஒண்ணுகூடத் தின்னல. வெச்சுடறேன்.