அக்கா என்று அழைத்தவர் குறித்து

என் பெயரையும் கதவு எண்ணையும் தனித்தாளில் எழுதி, ஒட்டிய உறையில் கொடுத்திருக்கிறேன். இந்தப் புகார்க் காகிதம் காவல் நிலையத்தில் எத்தனை மேசை ஏறி இறங்குமோ தெரியாது. தெருவில் என்னை ரேடியோ என்பார்கள். வயது நாற்பத்தேழு. முதலில் நாற்பத்திரண்டு என்று சொன்னதை, அடையாள அட்டையைப் பார்த்த எழுத்தர் இருமியதால், திருத்திக்கொள்கிறேன். தொழில், பெண்களுக்கான தையல். யார் வீட்டில் என்ன சண்டை என்று என்னைக் கேட்டால் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். ஆனால் யாருடைய இடுப்பளவும் இதுவரை என் வாயிலிருந்து வந்ததில்லை.

நேற்று மதியம் ஒரு கவுனுக்கு ஜிப் வைத்துக்கொண்டிருந்தபோது, போனில் என் தங்கையின் செய்திக் கணக்கிலிருந்து, அவள் படத்தோடு ஒரு செய்தி வந்தது. "அக்கா, நல்லா இருக்கீங்களா? உங்க போனுக்குத் தப்பா ஆறு இலக்க நம்பர் ஒண்ணு வந்திருக்கும். கொஞ்சம் அனுப்புங்க அக்கா." நம்பரும் வந்திருந்தது. அக்கா என்ற சொல்லில் மனம் குளிர்ந்து, பாதி நம்பரைத் தட்டியும்விட்டேன். அனுப்பும் முன்புதான் உறைத்தது. என் தங்கை என்னைவிட ஒரே வயது இளையவள். பேசத் தொடங்கிய நாளிலிருந்து ஒருதரம்கூட என்னை அக்கா என்றதில்லை. 'நீங்க' போட்டும் பேசியதில்லை. எனக்கென்று ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறாள், அதைச் சொல்லித்தான் கூப்பிடுவாள்.

தட்டியதை அழித்துவிட்டு அவளைத் தொலைபேசியில் அழைத்தேன். எடுத்ததும் அந்தப் பெயரைச் சொல்லி, "என்னடி, இன்னைக்கு யார் வீட்டுக் கதை?" என்றாள். அவள்தான் என்று உறுதியானது. விஷயத்தைச் சொன்னதும் அழுதாள். காலையில் பார்சல்காரன் என்று பேசிய ஒருவனுக்கு இதேபோல் ஒரு நம்பரைச் சொன்னாளாம், அதன் பிறகு கணக்கு திறக்கவில்லையாம்.

என் வாடிக்கையாளர்கள் துணியைப் போட்டுப் பார்த்து, எங்கே பிடிக்கிறது, எங்கே தொங்குகிறது என்று படம் எடுத்து எனக்குத்தான் அனுப்புவார்கள். நான் அந்த நம்பரைக் கொடுத்திருந்தால் என் கணக்கும் அவனிடம் போய், அடுத்த படம் அவன் கைக்குப் போயிருக்கும்.

"அழுததெல்லாம் போதும், செல்போன் கடைக்கு ஓடிக் கணக்க மீட்டுக்கோ. அதுவரைக்கும் அவன வேற யார்கிட்டயும் போகவிடாம நான் பாத்துக்கறேன்" என்றேன். "எப்படி?" என்றாள். "பேசித்தான்" என்றேன்.

அதன் பிறகு அவனுக்கு, "கண்ணாடி தேடறேன்மா, இரு" என்று எழுதினேன். தேடுகிற நேரத்தில் எங்கள் மாடிவீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு போன கதையை ஆரம்பித்தேன். அதன் பிறகு அவள் மாமியார் வந்தார், அதன் பிறகு சம்பந்தி வந்தார், சம்பந்திக்கு மூட்டுவலி வந்தது. "அக்கா, நம்பர் மட்டும் சொல்லுங்க" என்றான். "கதைய முடிச்சிடறேன், நடுவுல பேசாதே" என்றேன். எங்கள் கட்டடத்துக்கு மாடியே கிடையாது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். திருடனிடம் அடுத்தவர் வீட்டு உண்மையைச் சொல்கிற வழக்கம் எனக்கில்லை. கடைசியில் அவன், "அம்மா தாயே, ஆளை விடுங்க" என்று எழுதினான். அக்காவிலிருந்து அம்மாவாகிவிட்டேனே என்றுதான் வருத்தம்.

அதற்கடுத்த செய்தியில் என் பட்டப்பெயர் மட்டும் இருந்தது. கணக்கு தங்கையிடம் திரும்பிவிட்டது. அதன் பிறகுதான் கவுனின் ஜிப்பைத் தலைகீழாக வைத்திருப்பது தெரிந்தது. அன்று மாலைக்குள் சொந்தக்காரர், வாடிக்கையாளர் அத்தனை பேருக்கும் நம்பர் கேட்பவனைப் பற்றிச் சொல்லி முடித்தேன். ரேடியோ என்று சும்மாவா பெயர் வந்தது? அதேபோல் நம்பர் கேட்டு வேறொரு கணக்கிலிருந்து அவன் அணுகிய இரண்டு பேர், நானே சொல்லாத வசவுகளோடு அவனை அனுப்பிவைத்தார்கள்.

செய்திகளின் படங்களைக் கொடுத்திருக்கிறேன். போனைக் கேட்டார்கள். அந்த ஒரு உரையாடலை மட்டும் திறந்து, என் கையில் வைத்தே காட்டினேன். அந்தப் பட்டப்பெயர் வரும் செய்தியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டேன். வழக்குக்கு அது தேவைப்படுமே என்றார் எழுத்தர். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எழுத மாட்டேன்க்கா, எனக்கு மட்டும் சொல்லுங்க" என்றும் கேட்டார். அது எங்கள் வீட்டுப் பூட்டு, சொல்வதற்கில்லை என்றேன். இந்த வாயிலிருந்து அப்படியொரு பதில் வந்ததற்கு, வாசலில் உட்கார்ந்திருந்த என் தங்கையே சாட்சி.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். சொன்னவை எல்லாம் உண்மை. சொல்லாதது ஒன்றே ஒன்று, அது பத்திரமாக இருக்கிறது.

(கையொப்பம்)