ராக்கெட் பறந்த மறுநாள் யார் பாடு?

ஏரிக்கரையின் எழிலே! எங்கள் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் தூணே! ஒலிபெருக்கி பழுதானாலும் ஊர் முழுதும் ஒலிக்கும் உரத்த குரலுக்கு உரியவரே! முப்பத்தோர் ஆண்டுகள் எழுத்தராய்ப் பணியாற்றி, ஓய்வுபெற்றும் பத்து நாளாய் ஓயாமல் அலுவலகம் வந்துகொண்டிருக்கும் அன்பு அக்கா, திருமதி தெய்வநாயகி அவர்களே, வணக்கம்!

அக்கரை ஏவுதளத்தில் ராக்கெட் ஏவுவது தள்ளிப்போகப் போக, “அது போவட்டும், படகெல்லாம் கரைக்கு வரட்டும், அப்பறம் மால போட்டுக்கலாம்”னு சொல்லி எங்கள் வழியனுப்பு விழா ரோஜா மாலைகளை மூன்று முறை வாடவிட்டவர் நீங்கள்! இன்று காலை, வெளிநாட்டு நிறுவனங்களின் பதினாறு செயற்கைக்கோள்களைச் சுமந்து அது விண்ணேறியது. வீட்டுச் சன்னலெல்லாம் அதிர, நாங்கள் வானைப் பார்த்துக் கைதட்டினோம். நீங்களோ படகுப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

ஏவுதல் நாளில் எவரும் நீரில் இறங்கலாகாது. ஆனால் முகத்துவாரத்தில் வலைவிடும் முறையோ ஒரு குடும்பத்துக்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் வரும். அதுதான் நம் ‘பாடு’. ஆறு ஆண்டுகளுக்கு முன் ராக்கெட் இருமுறை கடைசி நேரத்தில் நின்றுபோக, வேலு அண்ணனின் பாடு இரண்டும் வீணாயின. மூன்றாவதும் ஏவுதல் நாளிலேயே விழுந்ததும், மனிதர் யாரிடமும் சொல்லாமல் படகை எடுத்துவிட்டார். அவர் மனைவி இருசம்மாள் அக்கா கரையில் அழுதுகொண்டு நிற்க, நீங்கள் கைப்பேசியில் கத்தினீர்களே, அடடா!

“யோவ் வேலு, இன்னாய்யா பண்ணிக்கினு இருக்கே? உன் பாடு எங்கியும் ஓடிடாது. நாளைக்கு உனுக்குத்தான், எழுதிட்டேன். வலைய வாரிக்கினு வா நைனா!”

“ஊரு ஒத்துக்காதுக்கா!”

“ஊர நான் பாத்துக்கறேன். நீ முழுசா வந்து சேரு!”

வந்து சேர்ந்தார். ராக்கெட்டும் பறந்தது. மறுநாள் முறைக்காரரான சுப்பன் சண்டைக்கு வர, ஊர்க்கூட்டம் கூடி, ‘எழுத்தருக்கு ஏது இந்த அதிகாரம்?’ என்று உங்கள் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது. அசைந்தீர்களா? “ராக்கெட் உடற நாளு யாருக்கும் பாடு இல்ல. அன்னிக்கு முறைக்காரனுக்கு மறுநாளு, மத்தவங்களுக்கு ஒருநாள் தள்ளி. இத்த எழுதாம பேனாவக் கீழ வெக்கமாட்டேன்!” என்றீர்கள். மாலைவரை மல்லுக்கட்டி எழுதியும் விட்டீர்கள். அன்று முதல் எவரும் திருட்டுத்தனமாய்ப் படகெடுத்ததில்லை. எங்களுக்கு அதில் எவ்வளவு பெருமை தெரியுமா, அக்கா!

உப்பு, சர்க்கரை, மூட்டுவலி எதுவும் கிட்டே அண்டாமல், மீஞ்சூர் மகள் வீட்டிலும் இதே அதட்டலோடு நீங்கள் நீடு வாழ வேண்டும். மருமகன் பாவம்தான், என்ன செய்வது!

கடைசியாய் ஒன்று. ஊரார் பெயரையெல்லாம் முறைப்பலகையில் எழுதிய உங்கள் பெயர் ஒருநாளும் அதில் ஏறியதில்லை. இன்று ராக்கெட் பறந்தது வேலு அண்ணனின் முறையில். உங்கள் விதிப்படி நாளை அவருக்கு. காலையில் அவர் சாக்கட்டியை வாங்கித் தம் பெயரை அழித்துவிட்டார். அருள்கூர்ந்து பலகையைத் திரும்பிப் பாருங்கள்.

‘நாளைய பாடு: தெய்வநாயகி.’

விடியற்காலை ஐந்து மணிக்குப் படகோடு அவர் நிற்பார். முழுசா வந்து சேருங்கள், அக்கா!

இங்ஙனம்,
நாளை முதல் படகுப் பட்டியலோடு மல்லுக்கட்டப் போகும்
வினோத், பானுப்ரியா மற்றும் சங்கப் பணியாளர்கள்,
பழவேற்காடு