விழாத உலக்கை

பாரிஸ் லா சப்பலில், மரக்கறிக் கடை வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றார்கள். இளையவள் சொன்னதைக் கேட்டுத்தான் காதைக் கொடுத்தேன்.

“கிரகணம் நேற்றே முடிஞ்சுது அக்கா. உலக்கை இன்னும் விழேல்லை.”

“எந்த உலக்கை?”

“கிரகணம் பிடிக்கேக்கை தாம்பாளத்திலை நிமித்தி வைச்சனான். விட்டதும் தானா விழவேணும். இவர் கப்பல் குசினியிலை சமையல் வேலையெல்லே. முழுக் கிரகணம் பாக்கிற ஆக்களை வடதுருவப் பக்கம் கொண்டுபோயிருக்கினம். அவருக்காகத்தான் வைச்சனான்.”

“உன்ரை சார்செல் வீட்டிலை தளம் நல்ல மட்டம், அதுதான் நிக்குது. காலாலை ஒரு தட்டுத் தட்டிவிடன்.”

“தட்டக் கூடாதாம். நேற்றிலையிருந்து அவரின்ரை போனும் வேலை செய்யேல்லை.”

அப்போதுதான் அவளது போன் அடித்தது. கை நிறைய முருங்கைக்காய். ஸ்பீக்கரில் போட்டாள்.

“என்னப்பா, சாப்பிட்டனீங்களே?”

“இன்னும் இல்லை,” என்றது ஓர் ஆண்குரல், மெதுவாக. “கிரகணம் விடட்டும் எண்டு எல்லாரும் மேல்தட்டிலை நிக்கிறம். உங்கை விட்டிட்டுதே?”

அதோடு தொடர்பு அறுந்தது.

மூத்தவள் முருங்கைக்காயைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டாள்.

“நீ வீட்டை போ பிள்ளை. கதவை மெதுவாத் திற.”