பதினாலாம் நம்பர் கிணறு

இல்ல சார், நின்னே சொல்லிடறேன். உக்காந்தா நீங்க டீ வரவழைப்பீங்க, நானும் குடிச்சிட்டு போன வாரம் மாதிரியே வாயத் தொறக்காம போயிடுவேன்.

ஆமா, வெள்ளிக்கிழமை பட்டமளிப்பு. தெரியும். சுற்றுச்சூழல் படிப்புல நம்ம கிரிபாட்டித் தீவுப் பொண்ணு மொத மார்க்குன்னு, இங்க சுவாவுல இருக்குற எங்காளுங்க சர்ச்சுல எழுந்து நின்னு கைதட்டியாச்சு. எனக்கு அந்த மெடல் வேணாம் சார். என் ஆய்வறிக்கையில பதினாலாம் நம்பர் கிணத்தோட உப்பு அளவு தப்பு. அத அடிச்சிட்டு, தப்புன்னு எங்க ஊருக்கு ஒரு கடுதாசி போடுங்க. அவ்ளோதான்.

மீட்டர் மேல பழி போடாதீங்க. மீட்டர் சரி. கைதான் தப்பு, என் கை.

எப்படின்னா... எங்க தீவுல ஒரு ஆள் ஆழம் தோண்டுனா நல்ல தண்ணி. அதுக்கு அடியில கடல். நல்ல தண்ணி அந்த உப்புத்தண்ணிக்கு மேல பாலாடை மாதிரி மெலிசா நிக்கும். டப்பாவ சாய்ச்சு, தண்ணிக்கே தெரியாம மேலாப்புல வழிச்சு எடுக்கணும். தொபுக்குனு போட்டா முதுகுல ஒண்ணு விழும், உப்ப எழுப்பி விட்டுட்டியேடின்னு. நடை பழகும்போதே பழகின கை சார் இது.

நீங்க என்ன சொல்லிக் குடுத்தீங்க? குழாய அடிவரைக்கும் எறக்கு, அடியில ஒண்ணு, நடுவுல ஒண்ணு, மேல ஒண்ணு எடுன்னீங்க. பதிமூணு கிணத்துல அப்படித்தான் எடுத்தேன். பதினாலாவது எங்க வீட்டுக் கிணறு. அக்கா ருத்தியானா டப்பாவ நீட்டுனா. வாங்கி, வழிச்சு எடுத்து, மூணு பாட்டிலயும் அதுலயே ரொப்பிட்டேன். உப்பே இல்லன்னு மீட்டர் காட்டுச்சு. ஊர்லயே நம்ம கெணறுதான்டி ராணின்னு அக்கா அப்படிச் சிரிச்சா.

தெரிஞ்சே செஞ்சேனான்னா? தெரியல சார். நம்ம கெணறு நல்லா இருக்கணும்னு மனசு கெடந்து அடிச்சிக்கிச்சு, அது மட்டும் தெரியும்.

அப்புறம் என்ன, அறிக்கையப் பாத்துட்டு தண்ணி ஆபீஸ்காரங்க எங்க கிணத்துல மோட்டார் வச்சாங்க. எங்களுக்குத் தேவையில்லன்னு மழைத்தண்ணித் தொட்டியெல்லாம் மத்த வீடுங்களுக்குப் போயிடுச்சு. மோட்டாருக்கு வழிச்செடுக்கவா தெரியும்? அடியிலேர்ந்து உறிஞ்சுது. மழையும் பொய்ச்சுது. தண்ணி லேசா கரிக்குதேன்னு அக்கா சொல்லியிருக்கா. அம்மா விடல. என் பொண்ணு சோதிச்சு எழுதியிருக்கா, அவ படிப்பு பெருசா உன் நாக்கு பெருசான்னு கேட்டிருக்காங்க. அறிக்கையில அந்தப் பக்கத்தக் கிழிச்சு, செவுத்துல சிலுவைக்குப் பக்கத்துல ஒட்டி வச்சிருக்காங்க சார்.

நானே சொல்லலாம்தான். ஆறு தடவ ஃபோன் பண்ணேன். அக்கா குரல் கேட்டதும், சாப்டியான்னு கேட்டுட்டு வச்சிட்டேன். நான் சொன்னா வெளையாடுறேன்னு நெனப்பா, உங்க கையெழுத்து இருந்தா நம்புவா... பொய் சார், அதெல்லாம் சாக்கு. எனக்கு பயம். ஹாஸ்டல்ல மோட்டார் போட்டாலே காதப் பொத்திக்கிட்டு ரோட்டுக்கு ஓடுறேன். அந்தச் சத்தத்துக்குள்ள அழுகை கேக்குது.

ம்? கொழந்ததான். அக்காவோடது. அஞ்சு மாசம். அக்காவுக்குப் பால் வத்திப் போச்சு, பவுடர் பால அந்தத் தண்ணியிலதான் கலந்து குடுத்தா. வாந்தி, நாக்கெல்லாம் வறண்டு... நர்ஸ் படகு வர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. எங்க வழக்கப்படி வாசல்லயே பொதச்சிட்டாங்க. காய்ச்சல்ல போச்சுன்னு அக்கா நம்பிக்கிட்டிருக்கா.

கையெழுத்து இன்னிக்கே வேணும் சார். வியாழக்கிழமை கப்பல விட்டா அடுத்தது எப்பன்னு தெரியாது. அக்காவுக்கு இப்ப மறுபடியும் எட்டாவது மாசம்.