எங்கள் வீட்டு ரத்தம்

உங்கள் ஸ்டேஷன் டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை. நான் மெதுவாகத்தான் எழுதுவேன். தலை நரைத்த பிறகு கற்ற எழுத்து, அவசரப்படுத்தினால் கோணிக்கொள்ளும்.

கட்டிடத்தில் கலவை சுமப்பவன் நான். சாரத்தில் நின்று சுவர் பூசியவன் என் தம்பி. போன வருடம் அங்கிருந்து விழுந்து செத்தான். சாரம் கட்டியது மேஸ்திரியின் ஆட்கள். உங்கள் ஆட்கள் வந்து கேட்டபோது மேஸ்திரி பதறாமல் சொன்னார்:

“விழலைங்க, குதிச்சான். இவங்க அப்பனும் தானாத்தான் போனான். ரத்தத்துல இருக்கு.”

விசாரணை அத்தோடு முடிந்தது. அதன் பிறகு சாப்பாட்டு நேரத்தில் தினமும் கேலிதான்.

“அண்ணே, நீங்க எப்போ? முன்னாடியே சொல்லிடுங்க, வேற ஆள் பாக்கணும்ல?”

நானும் சிரித்து வைத்தேன். பேச்சு வெளியே பரவி, என் மகளுக்குப் பேசி முடித்த வரன் திரும்பிப் போனது. அன்றோடு சிரிப்பை விட்டேன்.

ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் கேட்டேன். “கொஞ்சம் குடும்பத்துல வரும்பா. வெடுக்குனு வர்ற கோவம், யோசிக்காம செய்யிற குணம், அதுவும் கூட வரலாம். ஆனா அது தலையெழுத்து இல்ல. கூட இருக்கிறவங்க கவனிச்சா காப்பாத்திடலாம்” என்றார்.

எனக்கு வெடுக்கென்ற கோபம் கிடையாது. மாதக்கணக்கில் யோசித்தேன்.

மேஸ்திரியின் அக்காவும் சின்ன வயதில் தானாகவே போனவள் என்று தெரிந்தது. அது போதும். “மேஸ்திரி முகமே சரியில்ல” என்று டீக்கடையில் சொல்லி வைத்தேன். ஒருநாள் காலை, அவர் ஏறும் சாரப் பலகையின் கயிற்றை அவிழ்த்து வைத்தேன்.

நீங்கள் வந்தீர்கள். “பாவங்க, இவரு அக்காவும் இப்படித்தான்” என்றேன். தலையாட்டி எழுதிக்கொண்டீர்கள். அவருக்கும் கல்யாண வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அதையும் யோசித்துத்தான் செய்தேன்.

என்னை யாரும் சந்தேகப்படவில்லை. நானாகத்தான் வந்திருக்கிறேன். மேஸ்திரி குதிக்கவில்லை, நான்தான் கொன்றேன். உங்கள் எழுத்து ஒரு தடவை தப்பாகும் என்றால் முன்பும் தப்பாகியிருக்கும். என் தம்பியும் குதிக்கவில்லை என்று திருத்தி எழுதுங்கள்.

கையெழுத்துப் போடுமுன் மணி பார்த்துக்கொள்கிறேன். இது அப்பாவின் வாட்ச். கடைசி நாள் காலையில் கழற்றித் தம்பி கையில் கட்டிவிட்டார். தம்பியும் விழுந்த அன்று சாரம் ஏறுமுன் கழற்றி, “நீயே வச்சுக்கண்ணே” என்று என் கையில் கட்டினான்.

சிமெண்ட் படுமே என்றுதான் கழற்றியிருப்பான்.