மேல்தளத்தில் மாவு கொட்டியவர்

இரவு ஒன்பதே முக்கால். திருக்காட்டுப்பள்ளி போகும் சாலை. வேன் ராத்திரி வேலை ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விட்டது... இரண்டு பக்கமும் வயல், தவளைச் சத்தம். அந்த இருட்டில் மருந்துக் கம்பெனி ஒன்று மட்டும் விளக்குகளோடு நிற்கிறது.

கதை கேட்க வேண்டுமென்றால் அந்தச் செல்போன் வெளிச்சத்தை அணையுங்கள் முதலில். கரண்ட் வரும்போது வரட்டும். இது நம் ஃபஹத்தின் மச்சானுக்கு நடந்தது. ஃபஹத் இங்கேதான் இருக்கிறான், நான் பொய் சொன்னால் தடுக்கட்டும். மச்சான் பெயர் ஜாஃபர் சாதிக், கூத்தாநல்லூர்க்காரர். கெட்டவர் இல்லை. சோம்பேறி, அவ்வளவுதான்... அதுவே போதுமாக இருந்தது.

அங்கே மாத்திரை செய்கிற விதம் புதிது. முன்பெல்லாம் ஓர் அண்டா மாவு கலந்து, சோதித்து, மாத்திரையாக்கி, பிறகு அடுத்த அண்டா. இங்கே ரைஸ்மில் மாதிரி. மேலே கொட்டக் கொட்டக் கீழே வந்துகொண்டே இருக்கும். மேல்தளத்தில் ஒருவர் இருபது நிமிடத்துக்கு ஒரு மூட்டை மருந்து மாவு கொட்ட வேண்டும். அது குழாயில் இறங்கி, கலந்து, பதினெட்டாவது நிமிடம் கீழே மாத்திரையாக விழும். ராப்பகலாக நிற்காது. நிற்கவும் கூடாது.

கொட்டுகிறவர் பெரியநாயகசாமி, ஐம்பது வயது. கீழே திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் ஜாஃபர். மணிக்கு ஒரு தடவை ஜாஃபர் மேலே போய், அவர் கொட்டுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். போவதென்றால் உடை மாற்றி, தொப்பி, முகமூடி, காலுக்கு உறை என்று பத்து நிமிடம் ஆகும். யார் போவது? வேலைக்கு வந்ததுமே காலை வரைக்கும் மொத்தமாகக் கையெழுத்தைப் போட்டு வைத்துவிடுவார்.

அன்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேலேயிருந்து இன்டர்காம் அடித்தது.

"தம்பி, நெஞ்சு கரிக்குது. பரோட்டா ஒத்துக்கல போல. ஒரு மணிக்கு வருவேல்ல?"

"வரேன்ணே."

போகவில்லை.

இரண்டு மணிக்கு மறுபடி அடித்தது. எடுத்தார். பேச்சில்லை... மாவு கொட்டுகிற சத்தம் மட்டும். சர்ர்ர்ர்... ஒரு மூட்டை அரை நிமிடத்தில் காலியாகிவிடும். இது ஒரு நிமிடம்... இரண்டு நிமிடம்... நிற்கவே இல்லை.

"இதோ வரேன்ணே" என்று வைத்துவிட்டார்.

மூன்று மணிக்கும் அதே சத்தம். இப்போது ஒரு வாடையும் வந்தது. மெழுகுவத்தியை ஊதி அணைத்தால் வருமே, அந்தப் புகை வாடை. தீக்குச்சிகூடக் கொண்டுபோக முடியாத கட்டடம் அது. நாலு மணிக்கு அடித்தபோது ஜாஃபர் எடுக்கவே இல்லை. பயம்.

ஆறு மணிக்கு மாற்று ஆள் துரைராசு மேலே போனார். போன வேகத்தில் ஓடி இறங்கினார். பெரியநாயகசாமி மூட்டைகள் பக்கத்தில் சாய்ந்து கிடந்தார். உடம்பு விறைத்துவிட்டிருந்தது. ராத்திரி ஒன்றரை மணிக்கே உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர்.

ஆனால் திரையில்... இருபது நிமிடத்துக்கு ஒரு மூட்டை, காலை ஆறு மணி வரை கொட்டியதாகப் பதிவாகியிருந்தது. எடை ஒரு கிராம் பிசகவில்லை. காலிப் பைகள் நாலாக மடித்து அடுக்கப்பட்டிருந்தன. அன்று விழுந்த மாத்திரைகளில் ஒன்றுகூடச் சோதனையில் தவறவில்லை.

மேனேஜர் ஜாஃபரைக் கூப்பிட்டு, மேலே போய்ப் பார்த்தாயா என்று கேட்டார். இல்லை என்றால் வேலை போய்விடும். அதைவிட, ஒரு மணிக்குப் போயிருந்தால் அந்த மனிதர் பிழைத்திருப்பாரே என்று ஊர் கேட்கும். "மணிக்கு மணி போயிப் பார்த்தேன் சார்" என்றார். கம்பெனிக்கும் அதுதான் வசதி. டாக்டர் சொன்ன நேரம்தான் தப்பு என்று முடித்துவிட்டார்கள். செத்தவர் சாட்சி சொல்லவா வரப்போகிறார்?

ஏழாம் நாள் பூசைக்கு ஜாஃபர் அவர் வீட்டுக்குப் போனார். போகாமல் இருந்திருக்கலாம். பெரியநாயகசாமியின் மனைவி விண்ணரசி காப்பி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"ஒரு மணிக்குப் பார்த்தீங்களாமே தம்பி. நெஞ்சு வலின்னு எதாச்சும் சொன்னாரா?"

"இல்லண்ணி. நல்லாத்தான் இருந்தாரு. சிரிச்சுப் பேசினாரு. அஞ்சு மணி வரைக்கும் நான் போயிப் போயிப் பார்த்துட்டுத்தான் வந்தேன்."



"நாலரை மணிக்கு எனக்கு போன் பண்ணாரு தம்பி."

ஜாஃபர் காப்பியைக் கீழே வைத்தார். மேல்தளத்திலிருந்து வெளியே பேச போனே கிடையாது. அவருடைய செல்போன் கீழே பெட்டிக்குள் அணைந்து, பூட்டிக் கிடந்தது. காலையில் பூட்டைத் திறந்து அதை எடுத்ததே ஜாஃபர்தான்.

"'ஜாஃபர் வரேன்னான், இன்னும் வரல. அவன் வந்து பார்க்கிற வரைக்கும் கொட்டிக்கிட்டே இருக்கணும்'னாரு. ரொம்ப மூச்சு வாங்குச்சு. பின்னாடி சர்ருன்னு மாவுச் சத்தம்..."

விண்ணரசி நிமிர்ந்து ஜாஃபர் முகத்தைப் பார்த்தார்.

"நீங்கதான் போயிப் போயிப் பார்த்தீங்களே தம்பி... அப்ப அவரு யாருக்காகக் காத்துக்கிட்டு இருந்தாரு?"