ஆளு இல்லாத குழி

பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரு மாவட்டங்களிலும் சேர்த்து ஒரு பேய்கூடக் கிடையாது. தீர விசாரித்து இதை அறிவித்தவர் ரஞ்சித்குமார், பி.எஸ்சி. இயற்பியல், மூன்றாம் ஆண்டு, இரண்டு அரியர். நம்ம கலைமணியோட சித்தப்பா பையன்தான். சிரிக்காதீங்கடா... அந்த ஜன்னலைச் சாத்திட்டுக் கிட்ட வாங்க.

போன சித்திரை. ராத்திரி ஒன்றரை மணி. அரியலூர் ரோட்டுலேர்ந்து பிரிஞ்சு, மூடிப்போன சுண்ணாம்புக்கல் மைன்ஸுக்குப் போற மண்பாதை. லாரி அரைச்சு அரைச்சு மாவாக்கின தூசி. பைக் வெளிச்சம் பட்டா வெள்ளை வெளேர்னு... ஆள் அரவமே இல்லை.

அங்க அவனுக்கென்ன வேலை? ஒரு நட்சத்திரம். கிரீடம் மாதிரி வளைஞ்ச ஒரு கூட்டம் இருக்கு. அதுக்குப் பக்கத்துல ஒண்ணு, வெறுங்கண்ணுக்குத் தெரியாது. எண்பது வருஷத்துக்கு ஒருவாட்டி வெடிச்சு, சில நாள் பளிச்சுன்னு தெரிஞ்சுட்டு மங்கிடும். இன்னிக்கோ நாளைக்கோன்னு உலகமே அண்ணாந்து பார்த்துட்டிருக்கு. இதை விட்டா அடுத்தது இவனோட நூறாவது வயசுல. முதல்ல பார்த்தவன்னு தன் பேரு வரணும்னு அவனுக்கு வெறி. ஆனா வீட்டு மொட்டைமாடியில நின்னா, சிமெண்ட் கம்பெனிக்காரன் லைட்டைப் போட்டு வானத்துக்கே வெள்ளையடிச்சு வச்சிருக்கான். அந்தக் கடுப்புலதான் வெளிச்சம் எட்டாத மைன்ஸ் குழிக்குள்ள இறங்கிப் பார்க்கலாம்னு கிளம்பினான்.

பாதையில கடைசி வீடு புஷ்பவல்லியோடது. வெக்கைக்கு வாசல்ல கட்டில் போட்டுப் படுத்திருந்த அந்தம்மா எழுந்து உட்கார்ந்தாங்க.

"குழிக்கா போற? மேட்டுல நின்னு 'ஆளு இருக்கு'ன்னு சத்தமா ஒரு குரல் குடுத்துட்டு எறங்குப்பா."

"யாருக்குங்க?"

"வெடி வைக்கிறவனுக்கு."

"அதான் மைன்ஸையே மூடிட்டாங்களே."

"எங்க வூட்டுக்காரரு வீரமுத்து உள்ள இருக்கையிலதான் வச்சானுங்க. கத்துனாரு. இங்க எனக்குக் கேட்டுச்சு... மேல நின்னவனுக்குக் கேக்கலியாம். வெடிக்கு முன்னால மூணு விசில் அடிச்சோம், குழியில ஆளே இல்லன்னுட்டான் காண்ட்ராக்டரு. ஆளே இல்லன்னா, சேலையில நான் அள்ளிக்கிட்டு வந்தது என்னாத்த?"

ரஞ்சித்குமார் முகத்தை ரொம்ப சீரியஸா வச்சுக்கிட்டான். "பேய்க்கு ஒரு பயோமெட்ரிக் மிஷின் மாட்டச் சொல்லுங்கக்கா. விரலை வச்சுட்டே எறங்குறேன்."

அந்தம்மா கத்தலை. "நீயும் மேல நிக்கிற பயதான்"னு காறித் துப்பிட்டு, அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாங்க.

குரல் கொடுக்காமலே இறங்கினான். சுத்தியும் செங்குத்தாப் பாறை. தலைக்கு மேல மட்டும் வானம், கிணத்துக்குள்ளேர்ந்து பார்க்கிற மாதிரி. டார்ச்சுக்குச் சிவப்புக் காகிதம் சுத்தி, பாயை விரிச்சு, மல்லாந்து படுத்து, பைனாகுலரை எடுத்தான். கிரீடம் உச்சியில நிக்குது. சுத்தியிருந்த நட்சத்திரங்களோட ஒவ்வொண்ணா ஒப்பிட்டுப் பார்த்தான். புதுசா ஒண்ணும் இல்லை.

அப்ப ஒரு விசில்.

மேலேர்ந்து... குழி விளிம்புலேர்ந்து.

ஊர்ப் பசங்க வேலைன்னு நினைச்சு, நான் இங்க சொல்ல முடியாத வார்த்தையில திட்டினான்.

ரெண்டாவது விசில். கூடவே ஒரு வாடை. தீபாவளிக்கு மறுநாள் காலையில தெருவுல அடிக்குமே, அந்தக் கரிமருந்து வாடை.

மூணாவது.

காதோரத்துல... அவன் படுத்திருந்த அதே பாயில... சுடச்சுட ஒரு மூச்சு. அப்புறம் தொண்டை கிழியிற மாதிரி ஒரு குரல். பயந்த குரல் இல்லடா. அப்படி ஒரு ஆத்திரம்.

"ஆளு இருக்குடா! டேய்... ஆளு இருக்கு!"

எப்படி மேல ஏறினான்னு இன்னிக்கு வரைக்கும் அவனுக்கே தெரியாது. விடிஞ்சப்புறம் போய்ப் பார்த்தா, பாய் விரிச்ச இடத்துல மினி லாரி சைஸுக்கு ஒரு பாறை. பாயோட ஒரு முனை மட்டும் வெளிய நீட்டிட்டிருக்கு. மேல யாரும் வெடி வைக்கலை. வெடிச்ச சத்தம் புஷ்பவல்லிக்கும் கேக்கலை. விசில் மட்டும் கேட்டுச்சாம்.

அதோட அந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்கலைன்னுதானே நினைக்கிறீங்க? நட்சத்திரம் இன்னும் வெடிக்கலையே.

காய்ச்சல் விட்டதும் போனான். கக்கத்துல புதுப் பாய். பைக்கை ஆஃப் பண்ணித் தள்ளிக்கிட்டே வந்து, கட்டில்ல அந்தம்மா தூங்குறாங்களான்னு எட்டிப் பார்த்துக்கிட்டான். மேட்டுல போய் நின்னான். செருமினான். அப்புறம் யாருக்கும் கேட்டுடாதபடி...

"ஆளு இருக்கு."

கீழ, அந்த இருட்டுல... யாரோ பாயை உதறி விரிக்கிற சத்தம்.

அவன் கக்கத்துல இருந்த பாயை இன்னும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டான். இந்தவாட்டி கொஞ்சம் சத்தமாவே திருத்திச் சொன்னான்.

"ரெண்டு ஆளு."